பாசிக்குடாவில் இடுப்பளவுத் தண்ணீர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோணிக்காரர் போன் செய்தார். எஞ்சின் பழுது, சனிக்கிழமை வர முடியாது என்றார். விடியற்காலையில் மட்டக்களப்பு வாவிக்குள் போய் இறால் மாதிரி எடுக்க வேண்டியிருந்த எனக்குத் திடீரென்று இரண்டு நாள் சும்மா கிடைத்தது. அறைக்கு வந்து சொன்னேன். படுத்திருந்த கொக்கட்டிச்சோலைக்காரி எழுந்து உட்கார்ந்து, "அப்ப பாசிக்குடாக்குப் போவமா?" என்றாள். போகலாமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. எந்த பஸ் என்றுதான் பேச்சு ஓடியது.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் எழுதப்போவதில்லை, ஊர் போதும். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் இருக்கிற வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக விடுதியிலும் நாங்கள் பாதி நேரம் ஊர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம். கொக்கட்டிச்சோலைக்காரி வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பெண். வயலும் மாடும் பழக்கம், எதற்கும் பயப்படமாட்டாள். அட்டன்காரி தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், அவளுடைய அம்மா இன்றும் கொழுந்து பறிக்கிறார். ஏறாவூர்க்காரி வார இறுதியில் வீட்டுக்குப் போய்விடுவாள். நாவலடிக்காரியைப் பற்றிக் கீழே நிறைய வரும். நான் நாகப்பட்டினம், கீச்சாங்குப்பம். விலங்கியலில் முதுநிலை ஆய்வுக்காக இங்கே வந்திருக்கிறேன். இவர்களுக்கு நான் 'நாகை'.

கடற்கரையில் பிறந்த பெண் கடற்கரைக்குப் போய் வந்ததை எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று நாகையில் இருந்து படிக்கிறவர்கள் கேட்கமாட்டார்கள். அவர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் கடல் என்பது அப்பா வேலைக்குப் போகிற இடம். பெண்கள் துறைமுகத்து ஏலம் வரைக்கும் போவார்கள், கூடையோடு திரும்புவார்கள். மாசி மகத்துக்கும் ஆடி அமாவாசைக்கும் கரைக்குப் போனால் கையால் கொஞ்சம் தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு வந்துவிடுவோம். குளிப்பது, விளையாடுவது எல்லாம் வேளாங்கண்ணிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செய்வது. 2004 சுனாமிக்குப் பிறகு அதுவும் இறுகிவிட்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதில் என் அத்தையும் அத்தை பிள்ளைகளும் உண்டு. எனக்கு அப்போது மூன்று வயது. அதன்பிறகு அம்மா என்னைக் கணுக்கால் நனைய விட்டதில்லை.

இலங்கை என்ற பெயருக்கும் எங்கள் தெருவில் நல்ல பொருள் கிடையாது. கடற்படை பிடித்துக்கொண்டு போன படகுகள், சிறையில் இருந்துவிட்டு வந்த ஆட்கள், இன்னும் திரும்பாத படகுகள், இதுதான் எங்களுக்கு இலங்கை. அங்கே படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிறகு சம்மதித்தார்கள். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட ஆரம்பித்திருந்த நேரம். அதில்தான் வந்தேன். ஏறக்குறைய நான்கு மணி நேரம். மீனவர் வீட்டுப் பெண் முதல்முறையாகக் கரை தெரியாத கடலைப் பார்த்தது ஒரு பயணிக் கப்பலின் ஜன்னல் வழியாக. அப்பா முப்பது வருஷமாக இதன் மேல்தான் தூங்கி எழுகிறார் என்று அங்கே உட்கார்ந்துதான் விளங்கியது.

சரி, பாசிக்குடாவுக்கு வருகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை போகிற பஸ் ஏறாவூரைத் தாண்டித்தான் வந்தாறுமூலைக்கு வரும். அதனால் ஏறாவூர்க்காரி முன்னாலேயே ஏறி, பின்பக்கத்து நீள சீட்டில் தன் பை, குடை, உம்மா கட்டிக் கொடுத்த சாப்பாடு எல்லாவற்றையும் பரப்பி எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். ஆடி மாதம். கச்சான் காற்று அடிக்கிற காலம், காலை எட்டு மணிக்கே ஜன்னல் வழியாகச் சூடாக வீசியது. சித்தாண்டி, கிரான் என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. வெயிலில் வயல்கள் மஞ்சளித்துக் கிடந்தன. அட்டன்காரி பாட ஆரம்பித்தாள், பஸ்ஸில் இருந்த ஒரு அம்மா கூடவே பாடினார்.

நாவலடிக்காரி மட்டும் பேசாமல் வந்தாள். ராத்திரியே என்னிடம் சொல்லியிருந்தாள்: "நான் வாறன். ஆனா தண்ணிக்குள்ள இறங்கமாட்டன். அதுகள்ட்டச் சொல்லாத." நானும் இறங்கமாட்டேன் என்றேன். அப்படி எங்களுக்குள் ஓர் உடன்பாடு இருந்தது.

நாவலடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். அலை வந்தபோது ஓடுவதற்குத் திசையே இல்லாத இடம். பிறகு அங்கிருந்த பல குடும்பங்களுக்குத் திராய்மடுவில் வீடு கொடுத்தார்கள், இவளுடைய குடும்பமும் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் ஊர் எது என்று கேட்டால் நாவலடி என்றுதான் சொல்வாள்.

வாழைச்சேனையில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஐந்து பேரும் மடிமேல் மடியாக உட்கார்ந்து போனோம். பனைகள் வந்தன, பெரிய விடுதிகளின் நீள மதில்கள் வந்தன, சட்டென்று கடல். விடுதிகள் இருக்கிற பக்கம் படத்தில் பார்க்க அழகாக இருக்கும். எனக்குப் பிடித்தது பொதுச்சனம் குளிக்கிற பக்கம். சனிக்கிழமை என்பதால் கூட்டம். பொலன்னறுவைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்த சிங்களக் குடும்பங்கள், ஓட்டமாவடி முஸ்லிம் குடும்பங்கள், தமிழ்ப் பொடியன்கள், எல்லாரும் ஒரே தண்ணீருக்குள். உடுத்த உடுப்போடு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள் வயதான பெண்கள். கடலில் ஒருவர் உட்கார்ந்து கதை பேசலாம் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை.

பாசிக்குடா அப்படிப்பட்ட கடல். குடாவின் வாயில் பவளப்பாறை வரிசை இருக்கிறது. வெளிக்கடலின் அலை அங்கேயே உடைந்துவிடும், உள்ளே வருவது சின்னச் சுருக்கம்தான். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை கிழக்குக் கரையே அடங்கிக் கிடக்கிற காலம். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கதை வேறு. வகுப்பில் படித்த விஷயம்தான். ஆனால் படிக்கிறபோது காலுக்கு எதுவும் தெரிவதில்லை.

கொக்கட்டிச்சோலைக்காரியும் ஏறாவூர்க்காரியும் ஓடிப்போய் விழுந்தார்கள். அட்டன்காரி கரையில் குனிந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் உப்பு!" என்று கத்தினாள். அது உப்பு என்று அவளுக்குத் தெரியாதா என்ன. ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது எனக்கும் உள்ளே ஏதோ அசைந்தது. நானும் நாவலடிக்காரியும் பைகளுக்குக் காவல் என்று சொல்லி மணலில் உட்கார்ந்தோம்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. வெயில் ஏறிவிட்டது. ஒரு சின்னப் பெண் குழந்தை, நான்கு வயது இருக்கும், எங்களுக்கு முன்னால் தண்ணீருக்குள் நடந்துபோனாள். அவளுடைய வாப்பா பின்னாலேயே போனார், பிடிக்கவில்லை, சும்மா கூட நடந்தார். போய்க்கொண்டே இருந்தார்கள். ரொம்ப தூரம் போன பிறகும் அவருக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீர். நாவலடிக்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து, சல்வாரின் காலை மடித்து, "வா புள்ள" என்றாள்.

"எங்க?"

"முழங்கால் மட்டும்."

என் மணிக்கட்டை அவள் பிடித்தாள், அவள் மணிக்கட்டை நான் பிடித்தேன். கைகோப்பதைவிட அது உறுதியான பிடி, தண்ணீர் ஆளை இழுத்தாலும் நழுவாது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது.

முதலில் கண்ணில் பட்டது என் கால். எங்கள் ஊர்க் கடல் கலங்கல். காவிரிப் படுகையின் சேறெல்லாம் கடுவையாற்று வழியாக அங்கேதான் வந்து சேர்கிறது. கடலுக்குள் வைத்த கால் கண்ணுக்குத் தெரியும் என்பது எனக்குப் புதிது. விரல் நகத்தில் பாதி அழிந்துபோயிருந்த மருதாணி வரைக்கும் தெரிந்தது. அடியில் மணல் வரி வரியாகக் கிடந்தது, ஒவ்வொரு வரியின் மேலும் வெயில் வலை நெளிந்துகொண்டிருந்தது. கண்ணாடி நிறத்தில் குஞ்சு மீன்கள் ஒரு கூட்டமாக வந்து என் காலைச் சுற்றி நின்று, நான் விரலை அசைத்ததும் மொத்தமாகத் திரும்பி ஓடின. பெயர் தெரிந்த மீன்கள். ஆய்வுக்கூடத்தில் ஃபார்மலினுக்குள் போட்டு, அளந்து, எழுதியிருக்கிறேன். உயிரோடு என் காலுக்குப் பக்கத்தில் பார்த்தது அங்கேதான்.

முழங்கால் தாண்டியது. தொடை. இடுப்பு. அவள் நிற்பாள் என்று நான் பார்த்தேன், நான் நிற்பேன் என்று அவள் பார்த்திருக்க வேண்டும். இடுப்பளவிலேயே நடந்துகொண்டிருந்தோம். மேலே ஏறவே இல்லை தண்ணீர். திரும்பிப் பார்த்தால் கரையில் எங்கள் பைகள் சின்னப் புள்ளிகளாக இருந்தன. யாரும் காவல் இல்லை.

அங்கே நின்றுதான் பேசினோம். விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசாததை.

"நீ அப்ப எத்தின வயசு?"

"மூணு. நீ?"

"தொட்டில்ல."

26 டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை காலை. எங்களுக்கு அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இவர்களுக்குப் பௌர்ணமி விடுமுறையான போயா தினமும்கூட. அவளைத் தொட்டிலோடு அள்ளிக்கொண்டு ஓடியது அவளுடைய சித்தி. அம்மம்மாவும் அண்ணனும் கிடைக்கவில்லை. "அண்ணன்ட ஒரு படமும் இல்ல புள்ள, எல்லாம் போயிற்று. அம்மா சொல்றத வெச்சுத்தான் முகத்த நினைக்கிற" என்றாள். என் அப்பா அன்றைக்குக் கடலில் இருந்தார். ஆழத்தில் இருந்தவர்களுக்கு அலை வந்ததே தெரியவில்லை, படகு கொஞ்சம் தூக்கி இறக்கியது, அவ்வளவுதான். கரைக்கு வந்துதான் பார்த்திருக்கிறார்கள். கடலுக்குப் போனவர் பிழைத்தார், வீட்டில் இருந்தவர்கள் போனார்கள். இதை அப்பா என்னிடம் சொன்னதே இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

அவர்கள் வீட்டில் ரொம்ப நாள் மீன் சமைக்கவில்லையாம். எங்கள் ஊரிலும் அப்படித்தான். மீன் வாங்க ஆள் இல்லாமல், உயிர் தப்பிய மீனவக் குடும்பங்கள் அதனாலும் பட்டினி கிடந்தன. இரண்டு நாட்டில், இரண்டு கரையில், ஒரே வாரத்தில் அடுப்பிலிருந்து ஒரே சட்டி இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இலங்கையில் அதிகம் பேர் போனது அம்பாறை மாவட்டத்தில் என்று அவள் சொல்லித்தான் அன்று தெரிந்துகொண்டேன். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர் ஊராகச் சொன்னாள். அவளுக்கு எல்லா ஊரிலும் யாரோ இருந்திருக்கிறார்கள்.

அழுதோமா என்று கேட்டால், இல்லை. பேசி முடித்ததும் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே தலையோடு உள்ளே போனாள். ஒரு நொடி என் கையில் அவள் மணிக்கட்டு மட்டும் இருந்தது. எழுந்து, முகத்தை வழித்துவிட்டு, "இனி உன்ட முறை" என்றாள். நானும் போனேன். காதுக்குள் தண்ணீர் புகுந்த சத்தம், கண்ணில் எரிச்சல், வாயெல்லாம் கரிப்பு. மேலே வந்தபோது மற்ற மூன்று பேரும் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள். அதன்பிறகு பிற்பகல் இரண்டு மணிக்குப் பசி வந்து இழுக்கும்வரை ஒருவரும் வெளியே வரவில்லை.

ஏறாவூர் உம்மா கொடுத்துவிட்ட இடியப்பத்தையும் கோழிக் கறியையும் பற்றி ஒரு தனிப் பதிவு எழுதலாம். உப்புத் தண்ணீரில் ஊறிய கையோடு, மர நிழலில், ஐந்து பேரும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அடியில் தனியாக ஒரு டப்பாவில் வட்டிலப்பம் என்ற இனிப்பு இருந்தது. கச்சான் (இங்கே வேர்க்கடலைக்கும் அதுதான் பெயர்) விற்கிற பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, காசு வாங்காமல் ஒரு சுருள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏறாவூர்க்காரி பின்னேர பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டாள், வீட்டில் அப்படித்தான் ஒப்பந்தம். எங்களைக் கொக்கட்டிச்சோலைக்காரி பேத்தாழையில் இருக்கிற தன் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். முன்னறிவிப்பு இல்லாமல் நான்கு பெண்கள், தலையெல்லாம் மணல். பெரியம்மா வாசலில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு, "கிணத்தடிக்குப் போங்க மக்காள், முதல் உப்பப் போக்குங்க" என்றார். ராத்திரி குரக்கன் (கேழ்வரகு) புட்டும் முருங்கை இலை போட்ட நண்டுக் கறியும். இந்தக் கரையின் நண்டுக் கறிக்கு ஈடு நான் நாகையில் சாப்பிட்டதில்லை. அம்மா இதைப் படித்தால் படிக்கட்டும்.

பெரியம்மா பேசும்போது வருஷம் சொல்வதில்லை. சூறாவளிக்கு முதல், பிரச்சினைக்கு முதல், சுனாமிக்குப் பிறகு. சூறாவளி என்றால் 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட புயல். அப்போது அவர் சின்னப் பிள்ளை. ஓடு பறந்த வீட்டில், கட்டிலுக்கு அடியில், பாட்டியின் சேலைக்குள் படுத்திருந்தாராம். விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு இருந்த இடம் வெட்டவெளி. அதற்குப் பிறகு சண்டைக் காலம். கடற்கரையில் இருந்த பழைய விடுதிகள் பாழடைந்து, பல வருஷம் அந்தப் பக்கம் குளிக்க யாரும் போகவில்லை. "இப்ப நீங்கள் போய்க் குளிச்சிற்று வாறீங்க. நாங்க பக்கத்தில இருந்தும் கன வருசம் போகல்ல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. எங்கள் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்.

ஞாயிறு விடியற்காலையில் கல்குடாக் கரைக்கு நடந்தோம். பாசிக்குடாவிலிருந்து ஒரு முனையைத் தாண்டினால் கல்குடா, ஆனால் அது தொழில் செய்கிற கரை. வள்ளங்கள் ஏற்றி வைத்திருந்தார்கள். கரைவலை போட்டிருந்தார்கள்.

கரைவலை தெரியாதவர்களுக்கு: கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வலையை ஏற்றிய தோணி கடலுக்குள் போய் அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே வந்து, மறுமுனையைத் தூரத்தில் கரை சேர்க்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று நெருங்கி வரும். கடைசியில் வருவது மடி, மீன் அதற்குள். இங்கே எஞ்சின் கிடையாது, ஆட்கள்தான். கரைக்குப் பக்கத்தில் வந்த மீனை மட்டும் பிடிக்கும். கண்ணி சிறியதாகிவிட்டால் குஞ்சும் மாட்டும், அந்தக் குறை இதற்கும் உண்டு. கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருக்கிற இந்த மாதங்கள்தான் அதற்குக் காலம்.

கயிற்றின் கடைசியில் வயதான ஒருவர் நின்றார். வந்த கயிற்றை வட்டமாகச் சுற்றி வைப்பது அவர் வேலை. உள்ளங்கை முழுவதும் தழும்பு, கயிறு ஓடிய தடம் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. முன்பெல்லாம் அம்பாப் பாட்டு பாடித்தான் இழுப்பார்களாம், இப்போது பாடுவது குறைந்துவிட்டது. அவர் மட்டும் மெதுவாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார், இளைஞர்கள் அந்தத் தாளத்துக்குத்தான் கால் வைத்தார்கள். என் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"மகள் எவடம்?"

கொக்கட்டிச்சோலைக்காரி முந்திக்கொண்டு, "இந்தியா, நாகபட்டினம்" என்றாள்.

"நாகபட்டினமா? வீட்ட தொழிலுக்குப் போற ஆக்களா?"

"ஆமாங்கய்யா. அப்பா கடலுக்குத்தான் போறாரு."

"வள்ளமா, றோலரா?"

நான் கொஞ்சம் நின்றேன். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். இழுவை மடிதான், அதைத்தான் இங்கே றோலர் என்கிறார்கள். "றோலர்தாங்கய்யா" என்றேன். நாவலடிக்காரி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

அவர் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு சொன்னார். "நாங்க முல்லைத்தீவில வாடி (மீன்பிடிக் குடில்) போட்டிருந்த காலம். இரவைக்குப் பாத்தா லைற்றுகள், கடலுக்குள்ள ஒரு டவுன் இருக்கிற மாதிரி. விடியப் போய்ப் பாத்தா எங்கட வலை இல்ல. கடன் வாங்கிப் போட்ட வலை." அந்த வெளிச்சம் எங்கள் பக்கத்து இழுவைப் படகுகள். அவர் குரலை உயர்த்தவில்லை. எனக்குப் பதில் சொல்ல எதுவும் இல்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

கடலடியைச் சுரண்டுகிற இந்த இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டு நிறுத்தியது. எங்கள் பக்கம் நிற்கவில்லை. பவளம், புல், குஞ்சு, முட்டை என்று பார்க்காமல் அது வாரிக்கொண்டு போவதை நான் பாடமாகப் படிக்கிறேன், அந்தப் படிப்புக்குப் பணம் அனுப்புவது அதே மடிதான். அதே 2017இல் இந்தியாவிலும் இழுவைப் படகுக்குப் பதிலாக ஆழ்கடல் படகு கொடுக்கிற திட்டம் வந்தது. எங்கள் தெருவில் மாறியவர்கள் ரொம்பக் குறைவு. கடனுக்குப் பயம், ஆழ்கடல் தொழில் பழக்கமில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன், எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்தாலும் சரி: அது நிற்கத்தான் வேண்டும். கல்குடாவில் அந்தப் பெரியவருடைய கையைப் பார்த்த பிறகு எனக்கு இதில் இரண்டாவது எண்ணம் இல்லை.

"கயிறு பிடிச்சிருக்கியா?" என்றார்.

"இல்லீங்கய்யா."

"பிடி. கால மணலுக்குள்ள ஊண்டு. கையால இழுக்காத, உடம்பால பின்னுக்குப் போ."

நான்கு பேரும் பிடித்தோம். ஈரக் கயிறு, சொரசொரப்பு, அதில் ஒட்டியிருந்த மணல் உள்ளங்கையை அறுத்தது. முதலில் கயிறு நம்மைக் கடலுக்குள் இழுப்பதாகத்தான் படும். பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகப் பின்னால் சாயும்போது அது மெல்லக் கொடுக்கும், ஒரு சாண், இரண்டு சாண். மடி கரையேறியபோது உள்ளே சூடை, நெத்தலி, கொஞ்சம் காரல், ஒரே ஒரு பாரைக்குட்டி. அதிகம் இல்லை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பேர் இழுத்த கயிற்றுக்கு, இவ்வளவு வீட்டுக்குப் பங்கு பிரிக்க, அந்த மீன் எப்படிப் போதும் என்று எனக்கு நினைக்கவே கஷ்டமாக இருந்தது. அப்படியிருந்தும் பெரியவர் ஒரு பையில் சூடை மீனை அள்ளிப் போட்டு என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். "இழுத்த ஆளுக்குப் பங்கு" என்று கையில் வைத்துவிட்டுப் போனார். பெரியம்மா அதை மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரித்துத் தந்தார்.

திரும்புகிற பஸ்ஸில் அட்டன்காரி ஒரு சட்டி எருமைத் தயிரை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். நாவலடிக்காரி ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் அம்மாவுக்குப் போன் செய்து, கடலில் குளித்ததை முதலில் சொன்னாள், மற்றதெல்லாம் பிறகு.

நான் ராத்திரி அப்பாவுக்குப் பேசினேன். தண்ணீரில் இறங்கியதைச் சொன்னதும் எதுவும் சொல்லவில்லை. கரைவலை என்றதும் கேள்வியாகக் கேட்டார். கயிறு நைலானா தேங்காய் நாரா, மடிக்கண்ணி எவ்வளவு, ஒரு பக்கத்துக்கு எத்தனை ஆள், பங்கு எப்படிப் பிரிக்கிறார்கள். தெரிந்ததைச் சொன்னேன். பெரியவர் முல்லைத்தீவைப் பற்றிச் சொன்னதையும் மறைக்கவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்க தாத்தாவும் இதையேதாம்மா சொன்னாரு" என்றார். "நம்ம ஊருக்கு விசைப்படகு வந்த புதுசுல. கட்டுமரத்து வலையெல்லாம் அறுத்துட்டுப் போயிடும். தாத்தா கரையில நின்னு திட்டுவாரு. அந்தப் படகுலதான் நான் வேலைக்குச் சேந்தேன்." கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்று 1983இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது அந்தச் சண்டைகளுக்குப் பிறகுதான். பாடத்தில் படித்த அந்தச் சட்டத்துக்குப் பின்னால் என் தாத்தா நின்று திட்டிய கரை இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

"அந்தப் பெரியவர மறுபடி பாப்பியா?" என்று கேட்டார். பார்ப்பேன் என்றேன். அடுத்த தடவை பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது போய்ப் பார்க்க வேண்டும். நாவலடிக்காரியும் வருகிறேன் என்றிருக்கிறாள்.

அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். "எவ்ளோ ஆழத்துல நின்ன?"

"இடுப்பளவுதாம்மா."

"யாரு இடுப்பு?"

என் இடுப்பு, நாவலடிக்காரி இடுப்பு என்று விளக்கமாகச் சொன்னேன். யார் அந்தப் பெண், அவளுடைய அம்மா இருக்கிறாரா, அவர்கள் வீட்டில் யார் யார் போனார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள்.